சிம்னி பாஸ், அடுப்பு பெயில்

நெருப்பு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நடுவில் ஒரே ஒரு நாள், காலை பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும், கொஞ்சம் சந்தேகம் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

(அவசரக்காரர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.)

தொண்ணூற்றுச் சொச்சத்தில் நடந்தது. பம்மலில் ஜப்பார் பாயின் பசைக் கம்பெனியில் நான் மேஸ்திரி. என் கீழே பதினெட்டுப் பெண்கள். தச்சு வேலைக்காரர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சி ஊற்றுவார்களே வஜ்ஜிரப் பசை, அதுதான் எங்கள் சரக்கு. தோல் ஷெட்டுகளில் வெட்டிப் போடுகிற துண்டு துக்கடாக்களைக் கொண்டுவந்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, கழுவி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, வடிகட்டி ஆறவிட்டால் அல்வா மாதிரி இறுகும். அதை வில்லை வில்லையாக அறுத்து வலையில் பரப்பிக் காயவைப்போம். பார்ப்பதற்குப் பொன் நிறமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூக்கைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

கொப்பரைக்குக் கீழே நிலக்கரி எரியும். கரிப் புகையும் கொப்பரை ஆவியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சிம்னி வழியாக மேலே போகும். போகும் என்றா சொன்னேன்? கொஞ்சம்தான் போகும். மிச்சம் கீழே இறங்கி, தெருத் தெருவாக வலம் வரும். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. சாயங்காலம் வேலை விட்டு நான் பல்லாவரம் பஸ்ஸில் ஏறினால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் யாராவது எழுந்து எனக்கு இடம் விடுவார்கள். பக்கத்து சீட்டும் காலியாகும். வயசுக்குக் கொடுக்கிற மரியாதை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்குப் பின்னால் முன்பு வெறும் வயல். அது பிளாட்டாகி, வீடாகி, காலனியாகிவிட்டது. ஆபீஸ் வேலைக்காரர்கள், வாத்தியார்கள், பாங்குக்காரர்கள். அவர்களுக்கெல்லாம் கல்யாணி டீச்சர்தான் தலைவி. கணக்கு டீச்சர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே அரை மணி நேரம் சண்டை போடுகிற திறமை அவருக்கு உண்டு.

"துணி காயப்போட முடியல, ஜன்னலைத் திறக்க முடியல. நீங்களும் மனுஷங்கதானே?" என்பார் கேட்டுக்கு வெளியே நின்று.

"டீச்சர், நீங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த நாத்தம் இங்க கீது. பட்டா கூட இருக்கும்," என்பேன் நான் கேட்டுக்கு உள்ளே நின்று.

அவர் என்னோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கி மாசு பார்க்கிற ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். ஒரு ஆபீசர் வந்தார். சிம்னியைப் பார்த்தார். கேட்டிலிருந்து சிம்னி வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு வந்தார். "மூணு மாசம் டைம். புகையைச் சுத்தம் பண்ணி வெளிய விடணும். இல்லன்னா சீல் வெச்சுடுவோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜப்பார் பாய் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல மனுஷர். கம்பெனி மூடினால் அவருக்கு வேறு தொழில் கிடைத்துவிடும். எங்களுக்குத்தான் எதுவும் இல்லை. எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாலும், இந்த வாசனையோடு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பதினெட்டுப் பெண்களும் தினமும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் என்னவோ ஆபீசருக்கு அக்கா மாதிரி. நானும் "நான் கீறேன் இல்ல?" என்று சொல்லி வைத்தேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அந்த வாரமே பாய் வரதராஜன் சாரைக் கூட்டிவந்தார். குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். ஒல்லியான உடம்பு, பெரிய ஹெல்மெட், சின்ன மொபெட். சிம்னிக்கு முன்னால் இரண்டு டிரம் வைத்தார். முதல் டிரம்மில் தண்ணீர் பூத்தூறலாகக் கொட்டும். புகை அதில் நனைந்து, கரித்தூள் கழன்று, சூடு தணிந்து, அடுத்த டிரம்முக்குப் போகும். அடுத்த டிரம்மில்தான் சூட்சுமம். மிளகு மாதிரி, கொஞ்சம் பெரிய மிளகு மாதிரி, கருகருவென்று ஒரு கரியைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார்.

"இது இன்னா சார், கரி?" என்றேன்.

"சாதாரணக் கரி இல்லம்மா. ஆக்டிவேட்டட் கார்பன். நிலக்கரியை எடுத்து, பெரிய உலையில நீராவி விட்டுச் சுட்டு, உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையா பண்ணிருப்பாங்க."

"ஓட்டைக் கரியா? அத்தப் போயி காசு குடுத்து வாங்கினீங்களா?"

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாத்தியார் இல்லையா, பழக்கம்தான்.

"பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சீட்டு. புகை வரும்போது அதுல இருக்கிற கெட்டதெல்லாம், கந்தக நெடி, பசை நாத்தம், எல்லாம் ஓடி வந்து சீட்டுல உக்காந்துக்கும். வெறும் காத்துதான் சிம்னி வழியா மேல போகும்."

"சீட்டு ரொம்பிட்டா?"

"அப்ப கரியை மாத்தணும். ரொம்பிட்ட பஸ்ல யார் ஏறுவாங்க?"

"சார் பல்லாவரம் பஸ்ஸ பார்த்ததில்ல போல கீது," என்றாள் முனியம்மா. என் கீழே வேலை செய்கிறவர்களில் வாய் அதிகம், புத்தியும் அதிகம் அவளுக்கு. அந்தப் புத்தியை நான் அன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சார் இன்னொன்றும் சொன்னார். "சூடு மட்டும் ஆகக் கூடாது. அதுக்குத்தான் முன்னாடி தண்ணி டிரம். கார்பன் சூடாச்சுன்னா, உக்காந்த ஆளெல்லாம் எழுந்து இறங்கிடும்." இது என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை. நான் அப்போது, இந்த டிரம்மைத் துலக்கினால் எவ்வளவு நாளில் பளபளப்பு வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி வேலை செய்தது. சிம்னியிலிருந்து வருகிற புகை வெளுத்தது, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது. காலனியில் ஜன்னல்கள் திறந்தன. பஸ்ஸில் எனக்குப் பாதிப் பேர்தான் எழுந்தார்கள். (நஷ்டம்தான். சொல்லாமல் பொறுத்துக்கொண்டேன்.)

மூன்று மாதம் முடிந்து ஆபீசர் மறுபடி வருகிற நாள் வந்தது. முந்தின நாளே வரதராஜன் சார் டிரம்மைத் திறந்து பழைய கரியை எடுத்துவிட்டுப் புதுக் கரியைப் போட்டார். பழையதை நான்கு சாக்கில் கட்டி, என் டீ கொட்டகைக்குப் பக்கத்தில் அடுக்கித் தார்ப்பாயால் மூடினார்.

"இதை யாரும் தொடாதீங்க. லாரி வரும். கரிக் கம்பெனியில மூடின உலையில போட்டு வாட்டி, மறுபடி புதுசாக்கிடுவாங்க," என்றார்.

என் டீ கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கம்பெனி முழுக்க என் கை டீதான். இரும்பு பக்கெட்டை வெட்டி, உள்ளே களிமண் பூசி, நானே செய்த கரி அடுப்பு. ஈர விறகானாலும் என் கை பட்டால் பற்றிக்கொள்ளும். ஊதுகுழல் கூட வைத்துக்கொண்டதில்லை. ஒரு பனை விசிறி, அரை நிமிஷம், அவ்வளவுதான். மேஸ்திரி வேலை பாய் கொடுத்தது. இந்தப் பெயர் நானே சம்பாதித்தது.

அன்று காலையில் சார் என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரியம்மா, ஆபீசருக்கு வெளியில இருந்து கூல் டிரிங்ஸ் வாங்கி வெச்சுடலாம். நீங்க சிரமப்படாதீங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "ஏன் சார், என் டீக்கு இன்னா கொறை? இஞ்சி தட்டிப் போட்டு, வாழைக்கா பஜ்ஜியோட குடுத்தா, அந்த ஆளு குந்தின எடத்துல கையெழுத்துப் போடுவாரு."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போடட்டும் சார். எதுனா ஒண்ணு வேலை செஞ்சா சரி," என்றார்.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், என் கரி மூட்டை சொதசொதவென்று கிடக்கிறது. முந்தின நாள் பெய்த மழையில் கூரை ஒழுகி, சரியாக அதன் தலையில் இறங்கியிருக்கிறது. ஈர விறகைப் பற்றவைப்பேன் என்று சொன்னேன். தண்ணீரைப் பற்றவைக்க எனக்குத் தெரியாது. கடைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. மணி பத்தரை.

பக்கத்தில் நான்கு சாக்கு கரி. காய்ந்த கரி. ஒரே அளவாக, சலித்து எடுத்த மாதிரி. ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தேன். ரொம்ப நாள் திறக்காத டிரங்குப் பெட்டி மாதிரி ஒரு சின்ன வாசனை. அவ்வளவுதான். மூன்று மாதத்து நாற்றத்தை முழுங்கிவிட்டு எப்படி சாதுவாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! நாற்றம் அதற்குள்ளே போய்ச் செத்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

"அக்கா, அத்த எடுக்காத," என்றாள் முனியம்மா. "சாரு தொட வேணாம்னு சொல்லிகினு கீறாரு."

"சாரு சிம்னிக்குப் படிச்சவரு. அடுப்புக்கு நானு."

"அதுல இன்னா இன்னாவோ உக்காந்துகினு கீதாமே?"

"உக்காந்தா இன்னா? எரிஞ்சி போவட்டும். நெருப்புல எரியாத நாத்தம் எங்கனா கீதா?"

இந்த ஒரு வரியை முனியம்மா இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வாள். என் குரலிலேயே சொல்வாள்.

அடுப்பு நிறைய அள்ளிப் போட்டேன். தீக்குச்சி வைத்தேன். பற்றவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை. தேங்காய் ஓடு போட்டேன், அது எரிந்து முடிந்தது, கரி அப்படியே கல் மாதிரி என்னைப் பார்த்தது. பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவளா நான்? அரை டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்றினேன். இன்னும் நாலு தேங்காய் ஓடு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விசிறியால் அடித்தேன் அடித்தேன், கை ஓய்கிற வரைக்கும் அடித்தேன். கடைசியில் அடியிலிருந்து ஒரு சிவப்பு எழுந்தது. அழகான சிவப்பு. "பாத்தியா?" என்றேன் முனியம்மாவிடம். பால் சட்டியை ஏற்றினேன்.

கேட்டில் ஜீப் சத்தம். ஆபீசர் வந்துவிட்டார். அதே ஆபீசர். மூக்கு கொஞ்சம் பெரிது, அந்த உத்தியோகத்துக்கென்றே அமைந்த மூக்கு. கையில் ஒரு பை. மனு கொடுத்தவர் என்பதால் கல்யாணி டீச்சரும் கூட வந்திருந்தார், கைக்குட்டையோடு. ஆனால் கேட்டுக்குள் நுழைந்த டீச்சர் கைக்குட்டையை மெதுவாக இறக்கி, ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்து, "சார், நிஜமாவே நாத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. நான் பொய் சொல்லக்கூடாது," என்றார். பாய் கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்து முணுமுணுத்தார். மூன்று மாதத்தில் அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன்.

ஆபீசர் ஏணியில் ஏறினார். சிம்னியில் வைத்திருந்த சின்ன துவாரத்தில், அழுக்குப் பட்டால் நிறம் மாறுகிற ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு, பம்ப் அடித்துப் புகையை இழுத்தார். வரதராஜன் சார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையனின் அப்பா மாதிரி நின்றார்.

அப்போதுதான் என் அடுப்பில் அந்த பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியது தீக்குச்சி நெடி. ஒரு குச்சி இல்லை, ஒரு கிடங்கு தீக்குச்சி. அதன் பின்னால் அழுகின முட்டை. அதற்குப் பின்னால், நிதானமாக, எங்கள் பசை. மூன்று மாதமாகக் காலனிக்குப் போக வேண்டியது, பம்மல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவ வேண்டியது, ஒரு பக்கெட் அளவு இடத்திலிருந்து ஒரே மூச்சில் எழுந்தது. இருபது வருஷம் அந்த நாற்றத்திலேயே சோறு தின்றவள் நான். எனக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது. பால் சட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஈ ஒன்று எழுந்து பறந்துபோனது. ஈ!

"ஐயே! இன்னா கப்புடா சாமி!" என்று பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலைகளுக்குப் பின்னால் ஓடினார்கள்.

"அக்கா, உன் டீ கூப்பிடுது," என்றாள் முனியம்மா மூக்கைப் பிடித்தபடி.

என்ன செய்வதென்று தெரியாமல் பால் சட்டியை இறக்கிவிட்டு, ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தை எடுத்து அடுப்பின்மேல் கவிழ்த்து மூடினேன். ஓரமெல்லாம் கசிந்தது. அதற்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன், புடவையை விரித்து, அடைகாக்கிற கோழி மாதிரி.

ஏணி மேலிருந்து ஆபீசர் குரல் வந்தது. "என்ன நாத்தம் இது?"

எல்லாரும் சிம்னியைப் பார்த்தார்கள். வேறு எதைப் பார்ப்பார்கள்? டீச்சரின் கைக்குட்டை மறுபடி மேலே ஏறிவிட்டது. "அதானே பார்த்தேன்! இன்ஸ்பெக்ஷனுக்காக நாடகம் ஆடியிருக்காங்க சார். மூணு மாசம் அடக்கி வெச்சு இப்ப விடறாங்க!" என்றார். (கணக்கு டீச்சர் என்று சொன்னேன் அல்லவா? விடை சரி. வழிமுறைதான் தப்பு.)

வரதராஜன் சார் டிரம்மைச் சுற்றிச் சுற்றி ஓடினார். மூடியில் மூக்கை வைத்தார், குழாயில் மூக்கை வைத்தார். "லீக் இல்லையே... லீக் இல்லையே சார்..." என்று அழாக்குறையாகச் சொன்னார். ஆபீசர் இறங்கி வந்தார். மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இங்க ஜாஸ்தியா இருக்கே?"

"அது சாக்கடை சார். காலனி சாக்கடை. மழை பேஞ்சா இப்டித்தான்," என்றேன். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

"எங்க காலனியில சாக்கடையே இல்ல! எல்லாம் செப்டிக் டேங்க்!" என்று டீச்சர் கத்தினார்.

ஆபீசர் பையைத் திறந்தார். காகிதத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பைக்குள்ளே ஒரு கட்டை அரக்கும், நூல்கண்டும், பித்தளை முத்திரையும் இருந்தன. மூடுவதற்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார். ஜப்பார் பாய் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வலைகளுக்குப் பின்னாலிருந்து பதினெட்டு முகம். ஒருத்தியும் ஆபீசரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும். ஒருத்தி வாய் திறந்தால் போதும், "மேஸ்திரியம்மாதான் சார்" என்று. ஒருத்தியும் திறக்கவில்லை. முனியம்மா கூட. வாழ்க்கையில் அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஐயா, எழுதாதீங்க!" என்று எழுந்தேன். "சிம்னி இல்ல ஐயா. நான்தான்."

ஆபீசர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான் ஐயா. அதாவது நான் இல்ல. என் அடுப்பு."

சொன்னால் மட்டும் போதாது என்று தாம்பாளத்தைத் தூக்கினேன். அது ஒரு தப்பு. ஆபீசர் நேராக வேப்பமரத்தடிக்கு ஓடினார். டீச்சர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். முனியம்மா உதவி செய்கிறேன் என்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் கொட்டினாள். அது இன்னொரு தப்பு. இறங்காமல் மிச்சமிருந்த ஆட்களும் ஆவியேறி இறங்கினார்கள். ஒரு வெள்ளை மேகம் எழுந்து கொட்டகையை மறைத்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து நான் பால் சட்டியோடு வெளியே வந்தேன். பாலை மட்டும் சிந்தவிடவில்லை.

வரதராஜன் சார் அடுப்பருகே வந்து குனிந்தார். நனைந்த கரி நாலு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாக்குகளைப் பார்த்தார். ஒன்றின் வாய் அவிழ்ந்திருப்பதைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! சார், இங்க வாங்க! இதான் சார் ப்ரூஃப்!" என்று வேப்பமரத்தைப் பார்த்துக் கத்தினார். "பழைய கார்பனை எரிச்சிருக்காங்க! மூணு மாசமா புகையில இருந்து பிடிச்சு வெச்சது அத்தனையும் இதுலதான் சார் இருந்திருக்கு! இவ்வளவும் காலனிக்குப் போயிருக்கணும் சார். போகல!"

ஆபீசர் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி மரத்தடியிலிருந்து வெளியே வந்தார். பிறகு சட்டைப் பையில் செருகியிருந்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது நிறம் மாறவே இல்லை. சிம்னி சுத்தம். மறுபடி ஏணியில் ஏறி, இன்னொரு குழாய் வைத்து இழுத்துப் பார்த்தார். அதுவும் சுத்தம். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கைக்குட்டைக்குள்ளிருந்தே, "அப்ப இவ்வளவு நாளா இதையா நாங்க சுவாசிச்சோம்?" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். எனக்கு முதல் தடவையாக அந்த அம்மாவைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளே நின்று நான் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

ஆபீசர் எழுதினார். புகை சுத்தம், கம்பெனி நடக்கலாம், கரியை ஒழுங்காக மாற்றி வர வேண்டும். பாய் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் வலைகளுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், மரியாதையை விடக்கூடாது என்று, நான் டம்ளரை நீட்டினேன். "ஐயா, டீ."

அவர் டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை. மூக்குக் கிட்டே கூடக் கொண்டுபோகவில்லை. "இதையும் டெஸ்ட் பண்ணணுமாம்மா?" என்றார். அப்புறம் பையைத் திறந்து அரக்கை எடுத்தார். "மூடறதுக்குன்னு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன். சும்மா எப்படித் திருப்பிக் கொண்டு போறது?"

என் அடுப்பைக் கழுவி வெளியே கொண்டுவரச் சொன்னார். வாய்க்குக் குறுக்கே ஒரு தகரத்தை வைத்து, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையால் ஒரு அழுத்து. "இந்த அடுப்பு இந்த வளாகத்துல இனி எரியக்கூடாது," என்றார். விளையாட்டுக்குச் செய்தாரா நிஜமாகச் செய்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அரக்கை உருக்குவதற்கு நெருப்புப் பெட்டி கேட்டார். நான்தான் கொடுத்தேன்.

அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறினேன். அன்று பஸ்ஸில் நான்கு சீட்டு காலியானது. அடுப்புக்கு ஒன்று கொடுத்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். அதிகம் பேசாத மனுஷர். "இத்தினி வருசமா நான் சொல்லிக்கினு இருந்தத சர்க்காரு ஒரே நாள்ல செஞ்சிருச்சி," என்றார். என் மகள் செல்விக்கு அப்போது பதினாலு வயசு. சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள்.

அதன் பிறகு கம்பெனி பல வருஷம் நடந்தது. என் வேலையும் நடந்தது. டீ மட்டும் வெளியிலிருந்து வந்தது, வெந்நீர் மாதிரி. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாமல் என்னைப் பார்த்துக் குடித்தார்கள்.

வரதராஜன் சார் ஒரு நாள் வந்து சொன்னார், காலேஜில் அந்தக் கரிப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் கதையைத்தான் முதலில் சொல்கிறாராம். பெயர் சொல்வதில்லை, "பம்மல்ல ஒரு அம்மா" என்றுதான் சொல்வாராம். கரிக் கம்பெனிக்காரர்கள் மூடின உலையில் செய்வதை அந்த அம்மா திறந்த அடுப்பில் செய்து காட்டினார் என்பாராம். பையன்கள் யாரும் அந்தப் பாடத்தில் பெயிலாவதில்லையாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் இன்ஜினியரிங் காலேஜில் பாடமாகியிருக்கிறேன். செல்வி இதைக் கேட்டுவிட்டு, "நீ பாடமில்லம்மா, நீ லேப்," என்றாள்.

இப்போது கேஸ் அடுப்புதான். ஆனாலும் வீட்டில் எங்கே எது தீய்ந்தாலும், பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினாலும், என் மாப்பிள்ளை ஹாலில் இருந்தபடியே, "அத்தை, டீ ரெடியா?" என்பார். அவர் கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே செல்வி அவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். சீதனம் மாதிரி.

அந்த அடுப்பு இன்னும் பரண்மேல் இருக்கிறது. தகரம் துருப்பிடித்துவிட்டது, நூல் நைந்துவிட்டது. அரக்கு மட்டும் அப்படியே, முத்திரை எழுத்தோடு. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதைக் கீழே இறக்கி, "இன்னாம்மா இது, சீலெல்லாம் வெச்சி கீது? உள்ள இன்னா நகையா?" என்று கேட்டார். உடைத்துப் பார்க்கட்டுமா என்று கையில் உளியையும் எடுத்துவிட்டார்.

"கைய எடு," என்றேன். "சர்க்கார் ஆளு வந்து தொறந்தாத்தான் தொறக்கணும்."

பிறகு அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு. குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.